மூன்றரை வருடம், ஒரு லேமினேஷன் மெஷின், ஒரு தப்பான வாளை மீன்

தொண்டிப் பக்கம் மாறுதலாகிப் போன தோழி நேற்று ராத்திரி வாய்ஸ் அனுப்பியிருந்தாள். "அக்கா, அந்த லேமினேஷன் மெஷின் நல்லா உழைக்குதா? நானும் ஒண்ணு வாங்கிரலாம்னு இருக்கேன்." கேட்ட நேரம்தான் சரியில்லை. அன்று சாயங்காலம்தான் ராமநாதபுரத்தில் 450 ரூபாய் அழுது அதைப் பழுது பார்த்து, மண்டபம் பஸ்ஸில் மடியில் வைத்துத் தூக்கி வந்திருந்தேன்.

கடைக்காரர் கழற்றும்போது நாலு ஸ்க்ரூவில் இரண்டு அசையவே இல்லை. துரு. "டீச்சர், இது மெஷினா, நங்கூரமா?" என்றார். கடல் பார்த்த ஜன்னலுக்குக் கீழே வைத்தது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மெஷின் சிக்கி நின்றதற்குக் காரணம் வேறு. தாளை வைக்கிற பிளாஸ்டிக் உறைதான் பவுச்; அதில் ஒட்டிய பக்கம் முதலில் உள்ளே போகவேண்டும். தூக்கக் கலக்கத்தில் திறந்த பக்கத்தைக் கொடுத்துவிட்டேன். ரோலரைச் சுற்றிக்கொண்டது.

வாங்கியது 2022 ஜூனில், சின்ன வகுப்புகளுக்கான அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கிய சமயம். ஒரே அறையில் பிள்ளைகளின் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று கூட்டம், மூன்றுக்கும் தனித்தனி அட்டை. சார்ட் அட்டையில் எழுதிக் கொடுத்தால் ஒரு வாரம் தாங்காது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் வகுப்புக்குள் மணல் பறக்கும். மீதியைப் பிள்ளைகளின் பல் பார்த்துக்கொள்ளும்.

இந்த மெஷினில் என்னைப் படுத்தி எடுப்பது ஒன்றே ஒன்றுதான்: கொப்புளம். மழைக்காலத்தில் இங்கே காகிதம் அப்பளம் மாதிரி நமுத்துக் கிடக்கும். அதை அப்படியே உள்ளே விட்டால் ஈரம் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் எழுத்துக்கு மேலேயே குமிழ் விட்டு நிற்கும். பெட்டியோடு வந்த குறிப்பில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. பெட்டி செய்தவன் கடலையே பார்த்திருக்க மாட்டான். ஒரு வருடம் திட்டித் தீர்த்த பிறகு கண்டுபிடித்தேன்: பிரிண்ட் எடுத்த தாளை முதலில் துணியை மேலே போட்டு அயர்ன் பண்ணவேண்டும். சூடு ஆறுவதற்குள் பவுச்சில் வைக்கவேண்டும். ஆக ராத்திரி ஒன்பது மணிக்கு, யூனிபார்ம் தேய்க்கிற மேசையில் 'அணில்', 'ஆடு' தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்றும் அடிபட்டுத்தான் தெரிந்தது. முழுத் தாளை லேமினேட் செய்துவிட்டு எட்டாக வெட்டக்கூடாது. வெட்டிய ஓரம் திறந்து நிற்கும், உப்பு ஈரம் அதுவழியே ஏறி மை பரவிவிடும். அட்டைகளை முதலில் வெட்டி, இடைவெளி விட்டு பவுச்சுக்குள் அடுக்கி, நகராமல் இருக்க பொட்டளவு கோந்து வைத்து, பிறகுதான் மெஷினுக்குள். சுற்றிலும் மூன்று மில்லிமீட்டராவது பிளாஸ்டிக் ஓரம் இருக்கட்டும். பவுச்சின் தடிமன் 125 மைக்ரான் போதும். அதற்குக் கீழே போனால் பிள்ளைகள் மடித்தே ராக்கெட் விடுவார்கள்.

சரி, நல்லதையும் சொல்லவேண்டும். பளபளப்பான அட்டை மேல் ஒயிட்போர்டு மார்க்கரில் எழுதி அழிக்கலாம். சிலேட்டுக்குச் சிலேட்டும் ஆச்சு. அழிப்பது சட்டை நுனியால். "டீச்சர், உங்க பாடம் பூரா இவன் சட்டையிலதான் இருக்கு" என்று ஒரு அம்மா வாசலில் வந்து நின்றார். பெருமைக்காக 247 எழுத்துக்கும் அட்டை போட்டேன். இன்றைக்கும் 'ஙௌ' புதுக்கருக்கு மாறாமல் இருக்கிறது.

வாளைக்கு வருகிறேன். மொட்டில் ஒருவன் 'வாழை' அட்டையை "வாளை" என்று படித்துவிட்டு, "படம் தப்பு டீச்சர், மீனைக் காணோம்" என்றான். அவன் வீட்டில் அந்தச் சொல்லுக்கு மீன்தான். இருபது தடவை நாக்கை மடித்துக் காட்டியும் வராத ழகரத்துக்கு வழி கிடைத்ததே என்று அன்று ராத்திரியே ஒரு பக்கம் வாழை, மறுபக்கம் வாளை, இடையில் காற்றுப் புகாமல் லேமினேட் செய்தேன். இன்டர்நெட்டில் தேடி எடுத்த மீன் படம். வகுப்பே அதற்கு அடித்துக்கொண்டது. அட்டையைத் திருப்பும்போதெல்லாம் நாக்கும் திரும்பியது.

ஜூனில் பள்ளி திறந்தபோது மீன்பிடித் தடைக்காலம் முடியவில்லை. ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில்தான். மகனை விட வந்த ஒரு அப்பா, படகு இல்லாத மனிதருக்கு நேரம் இருக்குமே, அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "டீச்சர், இது வாளை இல்ல. சீலா."

பென்சிலில் எழுதியிருந்தால் அழித்திருப்பேன். ஒட்டியிருந்தால் பிய்த்திருப்பேன். இது 125 மைக்ரானுக்குள் உட்கார்ந்து என்னைப் பார்த்தது. புது அட்டை போட்டேன், சரியான மீனோடு, ஆளில்லை. பழையதுதான் வேண்டுமாம். "தப்பு மீன் எனக்கு, தப்பு மீன் எனக்கு" என்று சண்டை. இந்த வருடம் ஒன்றாம் வகுப்புக்கு வந்தவர்கள்கூட அண்ணன்மார் சொல்லிக்கொடுத்து, வாழை, வாளை, சீலா என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்கிறார்கள். அந்த அட்டையில் மட்டும் கொப்புளமே இல்லை, கவனித்தேன். ஓரம்கூடப் பிரியவில்லை.

வோல்டேஜ் குறைந்தால் மெஷின் சூடாகிவிட்டது என்று காட்டும் பச்சை விளக்கு எரியவே எரியாது, அதனால் பள்ளியில் வைத்துப் போட முடியவில்லை. கிழக்கு ஜன்னல் வெயிலில் அட்டை கண்ணைக் கூசும். இதெல்லாம் சில்லறை.

தோழிக்குப் பதில் அனுப்பிவிட்டேன். வாங்காதே. அந்தக் காசுக்கு நல்ல அயர்ன் பாக்ஸ் வாங்கு. தாளைத் தேய்த்து, டப்பாவில் மூடி, ஊருக்கு வரும்போது கொண்டு வா. என்னிடம் இன்னும் அரைப் பெட்டி பவுச் இருக்கிறது, போட்டுத் தருகிறேன். மீன் படம் இருந்தால் மட்டும் கரையில் யாரிடமாவது காட்டிவிட்டு எடுத்து வா.