பரந்தனா, மாங்குளமா: இரண்டு ஸ்டாட்டிக் ரூட்டில் ரவுட்டர் எதை எடுக்கும்?

கிளிநொச்சியிலிருந்து முல்லைத்தீவுக்குப் போக இரண்டு வழி இருக்கிறது. வடக்கே பரந்தன் சந்திக்குப் போய் ஏ35 இல் திரும்பினால் விசுவமடு, புதுக்குடியிருப்பு வழியாகப் போகலாம். தெற்கே மாங்குளம் வரை இறங்கி ஏ34 இல் திரும்பினால் ஒட்டுசுட்டான், முள்ளியவளை. முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிற ஆட்கள் இரண்டாவதைத்தான் சொல்வார்கள். மற்றவர்களைக் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும்.

கிளிநொச்சியில் நான் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்து ரவுட்டருக்கும் இப்படி இரண்டு வழி: ஒன்று பைபர், மற்றது 4ஜி. தலைமை அலுவலகம் வவுனியாவில். இரண்டு இணைப்புக்கும் ஒவ்வொரு டிபால்ட் ரூட் (தனி வழி எழுதாத எல்லா முகவரிக்குமான வழி) கையால், அதாவது ஸ்டாட்டிக்காக, எழுதி, மூன்று விதமாக ஓட்டிப் பார்த்துவிட்டேன். இரண்டையும் சமமாக வைத்தேன். பிறகு 4ஜியைப் பின்னால் நிறுத்தினேன். பிறகு அப்படி நிறுத்தியதோடு முன்னால் இருக்கும் பைபரைச் சோதிக்கவும் வைத்தேன். இப்போது ஓடுவது மூன்றாவது. முதலாவதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

ஒப்பிடுவதற்கு முன் ரவுட்டர் எப்படி முடிவெடுக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அனேகமானோர் பிழை விடுவது இங்கேதான். ரூட்டுக்கு நாம் கொடுக்கும் முன்னுரிமை எண்ணான டிஸ்டன்ஸ் சிறியதாக இருந்தால் அந்த ரூட் வெல்லும் என்று நினைக்கிறார்கள். பாதி சரி. ஒரே முகவரித் தொகுதிக்கு, அதே நீள மாஸ்க்கோடு (முகவரியின் முன்பக்கத்தில் எத்தனை பிட் பொருந்த வேண்டும் என்பது; /16, /24 என்று எழுதுவோம்), இரண்டு ரூட் இருந்தால் மட்டுமே டிஸ்டன்ஸ் பார்க்கப்படும். சிறிய எண் ரூட்டிங் டேபிளுக்குள் (ரவுட்டர் பார்த்து அனுப்பும் வழிப் பட்டியல்) போகும், மற்றது வெளியே காத்திருக்கும். பக்கெட் (அனுப்பும் தரவுத் துண்டு) வந்த பிறகு நடக்கிற தேடலில் டிஸ்டன்ஸுக்கு வேலையே இல்லை. டேபிளில் இருப்பவற்றில் எது மிக நீளமாகப் பொருந்துகிறதோ அதுதான் வழி. விசுவமடுவுக்குப் போகிறவர் மாங்குளம் பாதை நல்லதா என்று யோசிக்க மாட்டார் அல்லவா, அதுபோல.

இதை நாங்கள் காசு கொடுத்துத்தான் படித்தோம். வவுனியா வலையமைப்பு 10.20.0.0/16, பைபர் டனல் (இரண்டு அலுவலகத்தையும் இணைக்கும் தனி வழி) வழியாக, டிஸ்டன்ஸ் 1. ஒருநாள் பைபர் நின்றபோது என்னோடு வேலை செய்யும் தம்பி, அவசரத்துக்கு அதில் ஒரு பகுதியான 10.20.5.0/24 ஐ 4ஜி டனலில் திருப்பிவிட்டார். பைபர் வந்ததும் அது தானாக ஒதுங்கிவிடும் என்ற நம்பிக்கை. மாதக் கடைசிக்கு முன்பே டேட்டா முடிந்தது. "அண்ணை, டிஸ்டன்ஸ் 200 எண்டுதானே குடுத்தனான்" என்றார். கொடுத்திருந்தார்தான். ஆனால் அந்த /24 க்குப் போட்டியாக வேறு /24 எதுவும் இல்லை. 200 என்ற எண்ணை ஒப்பிட ஆளே இல்லாததால் அது டேபிளுக்குள் போய்விட்டது, போனதும் /16 ஐ மிஞ்சிவிட்டது. /16 என்றே எழுதியிருந்தால் அவர் நினைத்தபடி நடந்திருக்கும்.

டிஸ்டன்ஸ் எண்கள் ரவுட்டர்க் கம்பனிக்குக் கம்பனி மாறும். சிஸ்கோவில் ஸ்டாட்டிக் 1, ஓஎஸ்பிஎஃப் 110, ரிப் 120 (இவை இரண்டும் ரவுட்டர்கள் தங்களுக்குள் வழி சொல்லிக்கொள்ளும் முறைகள்). 255 என்று போட்டால் அந்த ரூட்டை நம்பவே நம்பாது. மைக்ரோடிக்கிலும் ஸ்டாட்டிக் 1. ஜூனிப்பரில் இதற்குப் பெயர் பிரிபரன்ஸ், ஸ்டாட்டிக்குக்கு 5. லினக்ஸில் மெட்ரிக், அங்கேயும் சிறியதுதான் வெல்லும். சிஸ்கோவில் ஓஎஸ்பிஎஃப் ஓடுகிற இடத்தில் ஸ்டாட்டிக்கை மாற்று வழியாக வைப்பதென்றால் 110 ஐவிடப் பெரிய எண் கொடுக்க வேண்டும்.

சரி, முதலாவது முறை. ஒரே டிஸ்டன்ஸில் இரண்டு டிபால்ட் ரூட் எழுதினால் சிஸ்கோவும் மைக்ரோடிக்கும் இரண்டையும் வைத்துக்கொண்டு பங்கு போடும். இரண்டு வேகமும் ஒன்றாகச் சேரும் என்று ஆசைப்பட வேண்டாம். அனுப்புபவர், பெறுபவர் முகவரிகளைப் பார்த்துத்தான் வழி பிரிக்கப்படும், ஆகவே ஒரு பெரிய டவுன்லோட் ஒரு வழியிலேயே போகும். அந்த வழி 4ஜியாக அமைந்தால் அவ்வளவுதான். இரண்டு இணைப்பிலும் வெளி முகவரி வேறு என்பதால், ஒரே தளத்தின் இரண்டு சர்வருக்கு இரண்டு முகவரியிலிருந்து போய் நிற்போம். வங்கித் தளங்கள் சந்தேகப்பட்டு வெளியே தள்ளிவிடும். இரண்டும் ஒரே கம்பனியின் ஒரே வேக பைபர் என்றால் யோசிக்கலாம். வன்னியில் அப்படி இரண்டு பைபர் இழுத்து வைத்திருக்கிற சிறிய அலுவலகத்தை நான் கண்டதில்லை.

இரண்டாவது, பைபருக்கு 1, 4ஜிக்கு 10. பாடப்புத்தகத்தில் அழகாக இருக்கும். இன்டர்பேஸ் (ரவுட்டரில் கேபிள் செருகும் முனை) விழுந்தால் ரூட் விலகும், காத்திருந்தது உள்ளே வரும். ஆனால் எங்கள் பைபர் பெட்டி யூபிஎஸ்ஸில் நிற்கிறது. மாரி மழையில் எங்கேயோ கம்பி அறுந்தாலும் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் நடுவில் இருக்கிற ஈதர்நெட் கேபிளில் பச்சை விளக்கு எரியும். ரவுட்டரைப் பொறுத்தவரை பைபர் உயிரோடு இருக்கிறது. பரந்தன் சந்தி திறந்திருக்கிறது என்று பஸ்ஸை விட்டால், அங்கால் பாதைக்கு மேலே வெள்ளம் ஓடுகிற கதை. அலுவலகத்தில் எல்லோரும் கைபேசியில் டேட்டா போட்டு வேலை செய்ய, 4ஜி ரவுட்டர் சும்மா இருந்தது. (கேட்வே முகவரி, அதாவது அடுத்த பெட்டியின் முகவரி, கொடுக்காமல் ஈதர்நெட் இன்டர்பேஸை மட்டும் காட்டி ரூட் எழுதுகிறவர்களும் உண்டு. அப்போது ரவுட்டர் இணையம் முழுவதும் அந்தக் கம்பியிலேயே இருக்கிறது என்று எண்ணி ஒவ்வொரு முகவரியையும் ஏஆர்பி போட்டு, அதாவது அந்தக் கம்பியில் இது யாருடையது என்று கேட்டுத் தேடும். வேண்டாம்.)

மூன்றாவதில் மைக்ரோடிக்கின் செக் கேட்வே உதவுகிறது. 10 வினாடிக்கு ஒருமுறை பிங் அடித்து (இருக்கிறாயா என்று கேட்டு), இரண்டு தடவை பதில் வராவிட்டால் ரூட்டை விலக்கும். ஆனால் யாருக்குப் பிங் என்பதுதான் விஷயம். எங்கள் கேட்வே 192.168.1.1, அதாவது அதே பைபர் பெட்டி. அது எப்போதும் பதில் சொல்லும். ஆகவே தூரத்து முகவரி ஒன்றுக்கு பைபர் வழியாக /32 ரூட் (அந்த ஒரு முகவரிக்கு மட்டுமான ரூட்) எழுதி, அந்த முகவரியையே டிபால்ட் ரூட்டின் கேட்வேயாகக் காட்டினேன். ரவுட்டர்ஓஎஸ் 7 இல் /32 க்கு ஸ்கோப் 10, டிபால்ட்டுக்கு டார்கெட் ஸ்கோப் 11; கேட்வேயை அந்த /32 வழியாகத் தேட விடுபவை இந்த எண்கள். சிஸ்கோவில் இதே வேலையை ஐபி எஸ்எல்ஏவும் (பிங் அடிப்பது) ட்ராக்கும் (பதிலைப் பார்த்து ரூட்டை விலக்குவது) செய்யும். அங்கேயும் அந்த /32 கட்டாயம். இல்லாவிட்டால் 4ஜிக்கு மாறியதும் பிங்கும் 4ஜியால் போய், பதில் வாங்கி, பைபர் வந்துவிட்டது என்று திரும்பி ஓடும். திரும்பவும் விழும். நாள் முழுக்க ஊஞ்சல். லினக்ஸ் கர்னல் தானாகப் பிங் அடிக்காது, ஒரு ஸ்கிரிப்ட் எழுத வேண்டும்.

சோதிக்க நான் முதலில் எடுத்த முகவரி 8.8.8.8. அலுவலகக் கணினிகள் எல்லாவற்றிலும் டிஎன்எஸ்ஸும் (தளப் பெயரை முகவரியாக்கும் சர்வர்) அதுதான். பைபர் நின்றது, டிபால்ட் ரூட் ஒழுங்காக 4ஜிக்கு மாறியது, ஆனால் ஒரு தளமும் திறக்கவில்லை. 8.8.8.8 க்கான /32 இன்னும் பைபரைக் காட்டிக்கொண்டு நின்றது. அதைவிட நீளமாக எதுவும் பொருந்தாது. தம்பியின் /24 ஐப் பார்த்துச் சிரித்தவன் நான். இப்போது சோதிப்பதற்கு 9.9.9.9, அதை வேறு எதற்கும் தொடுவதில்லை.

மாதம் ஒருமுறை பைபர் பெட்டியின் பின்னால் இருக்கும் பைபர் கம்பியின் பச்சை முனையை நானே கழற்றிப் பார்ப்பேன். ஈதர்நெட் கேபிளைக் கழற்றினால் இரண்டாவது முறைக்குத்தான் சோதனை, மூன்றாவதுக்கு அல்ல. போன மாதம் கழற்றியபோது அரை நிமிடத்துக்குள் 4ஜிக்கு மாறிவிட்டது. சிம்மில்தான் காசு இருக்கவில்லை.