கசெட்டைப் பென்டிரைவில் ஏற்றும் கடை: ஐந்துக்கு மூன்று

மட்டக்களப்பு டவுனில் ரேடியோ திருத்தும் ஒரு சின்னக் கடை. பழைய கசெட்டுகளைப் பென்டிரைவில் ஏற்றித் தருவார்கள் என்று கேள்விப்பட்டு, பெரியப்பாவின் 3 கசெட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒன்றுக்கு 700 ரூபாய். மூன்று நாள் என்றார்கள், பதினொரு நாள் ஆனது. அது கிடக்கட்டும்.

வேலை சுத்தம். பூஞ்சை பிடித்த ஒரு நாடாவைக் கழற்றித் துடைத்து வேறு கூட்டில் போட்டிருந்தான் அந்தத் தம்பி. அதற்குத் தனிக்காசு கேட்கவில்லை. இரைச்சலும் துளி இல்லை.

அந்த இரைச்சலை எடுக்கப் போனதில்தான் வினை. மெல்லிய சத்தத்தையெல்லாம் வெறும் இடம் என்று நினைத்துக் கம்ப்யூட்டர் வெட்டிவிட்டது. முதல் கசெட்டில் ‘சுமைதாங்கி’ (1962) படத்தின் ‘மயக்கமா கலக்கமா’. பி.பி. ஸ்ரீனிவாஸ் அதில் யாரையும் தட்டி எழுப்புவதில்லை, பக்கத்தில் வந்து உட்கார்ந்து விசாரிக்கிறார். கண்ணதாசன் எழுதியதும் அப்படித்தான்: முதலில் கேள்வி, பிறகுதான் தேறுதல். சென்னை வேண்டாம், ஊருக்கே போய்விடலாம் என்றிருந்த வாலியை நிறுத்தியது இந்தப் பாட்டு என்று வாலியே சொல்லியிருக்கிறார். தொடக்கம் நாடாவில் மங்கியிருந்ததாம், அதனால் என் பென்டிரைவில் கேள்வி இல்லை, தேறுதல் மட்டும் இருக்கிறது. என்ன நடந்தது என்று கேட்காமல் தைரியம் சொல்ல வந்தவர்களைச் சுனாமிக்குப் பிறகு கல்லடியில் நிறையப் பார்த்துவிட்டேன்.

முஷ்டியை மடக்கிப் பாடுகிற வீரப் பாட்டுகளோ ஒரு சொல் குறையாமல் வந்திருக்கின்றன. கலியாண வீட்டு ஸ்பீக்கருக்கு ஆகும்.

மனசு விட்டுப்போனது மூன்றாவது கசெட்டில்தான். பெரியப்பா வீட்டு விறாந்தையில் இருந்து படித்த பொலிப்பாட்டு அதில் இருக்கிறது. சூடு மிதிக்கிற, அதாவது நெற்கதிரை மிதித்து மணி உதிர்க்கிற மாடுகள் இரவில் களைத்துப்போகும்போது களவெட்டியில், அந்த நெற்களத்தில், படிப்பது. அதட்டல் இல்லை. ‘பொலி, பொலி’ என்று இழுத்து இழுத்து, இன்னும் ஒரு சுற்று வா என்று கூட்டிக்கொண்டு போகும். மாட்டுக்குத்தான் படிக்கிறது என்பார், ஆனால் பின்னால் நடக்கிறவனுக்கும் கால் வலிக்கும்தானே. மெஷின் வந்தபிறகு அந்தப் பாட்டுக்கு வயலில் வேலை இல்லை. இப்போது பென்டிரைவில் அவர் மூச்சு வாங்கும் இடமெல்லாம் போய், பஸ் பிடிக்க ஓடுகிறவர் மாதிரிப் படிக்கிறார். இடையில் கோழி கொக்கரிப்பது மட்டும் அப்படியே இருக்கிறது.

திரும்பக் கொண்டுபோனேன்.

“அண்ணன், சத்தம் இல்லாத இடம் எண்டு அது தானா வெட்டிப்போட்டுது,” என்றான். பிறகு ஹெட்போனைப் போட்டுக்கொண்டு பழைய நாடாவை முழுக்கக் கேட்டான். “வெட்டாமப் போட்டா இரைச்சலோடதான் வரும், பரவாயில்லையா?”

பரவாயில்லை என்றேன். வெள்ளிக்கிழமை வரச்சொல்லியிருக்கிறான், மேலதிகமாகக் காசு வாங்கவில்லை. நீங்கள் கொடுப்பதென்றால் ஒன்றையும் வெட்ட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பென்டிரைவையும் நீங்களே கொண்டுபோங்கள், கடையில் விலை கூட.