நியூயார்க் கட்டட விதிமீறல் சம்மன்: சரிசெய்வதா, சமரசமா, வாதாடுவதா?

நியூயார்க் நகரில் கட்டடத் துறையின் சம்மன் வந்துவிட்டால் வீட்டு உரிமையாளர் இரண்டு இடங்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். அபராதத்தை முடிவு செய்வது நிர்வாக விசாரணை மன்றம். குறை நீங்கியதா என்று பார்ப்பது கட்டடத் துறை. பணம் கட்டியதோடு விஷயம் முடிந்தது என்று இருந்துவிடுபவர்கள் நிறைய. குறையைச் சரிசெய்ததைக் காட்டும் திருத்தச் சான்றைத் துறை ஏற்கும்வரை விதிமீறல் பதிவில் அப்படியே நிற்கும். வீட்டை விற்கப் போகும்போது வாங்குபவரின் வக்கீல் கையில் அது சிக்கும்.

முதலில் சம்மனில் உள்ள வகுப்பைப் பாருங்கள். உடனடி ஆபத்து எனப்படும் 1-ஆம் வகுப்புக்கு உச்ச அபராதம் 25,000 டாலர்; 2-ஆம் வகுப்புக்கு 10,000; 3-ஆம் வகுப்புக்கு 500.

சம்மனில் திருத்தக் கெடு அச்சிடப்பட்டிருந்தால் அதற்குள் சரிசெய்வதே மலிவு: அபராதமும் கிடையாது, விசாரணையும் கிடையாது. 1-ஆம் வகுப்புக்கு இந்தச் சலுகை இல்லை. பலரும் சறுக்குவது வேலையில் அல்ல, காகிதத்தில். பெர்மிட் எடுக்காமல் வேலையை முடித்திருப்பார்கள். வேலை செய்தவரின் வாக்குமூலம் இருக்காது. புகைப்படத்தைப் பார்த்தால் எந்த இடம் என்றே தெரியாது. சான்று திரும்பி வந்தால் மறுபடி அனுப்ப நாள் வேண்டும், ஆகவே கடைசி நாள்வரை காத்திருக்காதீர்கள். இன்னொன்று, இப்படிச் சரிசெய்தாலும் மீறலை ஒப்புக்கொண்டதாகவே பதிவாகும்.

வேலை பெரிது, கெடுவுக்குள் முடியாது என்றால் சமரசம் கேட்கலாம். மீறலை ஒப்புக்கொண்டு கூடுதல் அவகாசம் வாங்கும் வழி அது. துறை சம்மதித்தால்தான் உண்டு.

வாதாடுவதில் ஒரு பொறி இருக்கிறது. சோதனை நடந்த நாளில் மீறல் இருந்ததா என்பதுதான் அங்கே கேள்வி. "இப்போது சரிசெய்துவிட்டேன்" என்பது எதிர்வாதம் ஆகாது. முதல் விசாரணைத் தேதிக்கு முன்பே சரிசெய்ததை நிரூபித்தால் பல பிரிவுகளில் அபராதம் குறையும், அவ்வளவே. பிறகு வாங்கிய பெர்மிட்டும் அன்றைய மீறலை மறைக்காது. அன்றைக்கே செல்லுபடியான பெர்மிட், அதற்கு முன்பே வீட்டை விற்றதைக் காட்டும் பத்திரம், அதிகாரி எழுதிய விவரம் குறிப்பிட்ட சட்டப் பிரிவுக்குப் பொருந்தாமை: இவற்றில் ஒன்று கையில் இருந்தால் வாதாடுங்கள். இல்லையென்றால் வக்கீல் செலவுதான் மிச்சம்.

விசாரணைக்குப் போகாமல் இருப்பது எல்லாவற்றிலும் மோசம். அபராதம் பல மடங்காகும். கட்டாவிட்டால் நீதிமன்றத் தீர்ப்பாகவே பதிவாகலாம். தவறவிட்டவர்கள் 75 நாளுக்குள் புதிய விசாரணை கேட்க வேண்டும். நேரில் வாதாடித் தோற்றவர்களுக்கு மேல்முறையீட்டுக் கெடு 30 நாள், முடிவு தபாலில் வந்திருந்தால் 35.