ஸ்ப்ரிட்ஸா, நெக்ரோனியா, ஸ்பாலியாத்தோவா? மூன்று ஊர், நான்கு கிளாஸ்

இத்தாலி போகிறோம், என்ன குடிக்கலாம், எந்த பாருக்குப் போகலாம் என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒரே கேள்வி: பாகற்காய் சாப்பிடுவீர்களா? கிண்டல் இல்லை. இத்தாலிக்காரர்கள் சாயங்காலம் ஆறரை, ஏழு மணிக்குக் கையில் எடுக்கும் கிளாஸ் பசியைக் கிளப்புவதற்கு. அபெரிதிவோ என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். பசியைக் கிளப்ப அவர்கள் நம்புவது கசப்பை. நம் வீட்டில் நிலவேம்பு கஷாயத்தை மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குகிறோம், அவர்கள் வேர், பட்டை, ஆரஞ்சுத் தோல் எல்லாம் ஊறிய கசப்புச் சாராயத்தில் சர்க்கரை சேர்த்து, சிவப்பாக்கி, ஐஸ் போட்டு விற்றுவிட்டார்கள். உலகமே இப்போது அதைக் கையில் வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டிருக்கிறது.

போட்டியில் நான்கு பேர். வெனிஸ் பக்கத்து ஸ்ப்ரிட்ஸ், அதே வெனிஸின் பெல்லினி, ஃப்ளோரன்ஸின் நெக்ரோனி, மிலானின் ஸ்பாலியாத்தோ.

முதலில் போதைக் கணக்கு, ஏனென்றால் கண்ணை நம்பினால் ஏமாந்துவிடுவீர்கள். சர்வதேச பார்டெண்டர் சங்கத்தின் அளவுப்படி ஸ்ப்ரிட்ஸில் 90 மில்லி ப்ரோசெக்கோ என்ற நுரை ஒயின், 60 மில்லி அபெரோல் என்ற ஆரஞ்சு நிறக் கசப்புச் சாராயம், கொஞ்சம் சோடா. இரண்டுமே சுமார் 11 சதவீதம்தான், ஆக சுத்த ஆல்கஹால் 16 மில்லி சொச்சம், ஒரு சின்ன பாட்டில் பீருக்குச் சமம். நெக்ரோனியில் ஜின், காம்பாரி என்ற சிவப்புக் கசப்புச் சாராயம், சிவப்பு வெர்மூத் என்ற மூலிகை ஒயின் மூன்றும் 30, 30, 30 மில்லி. பார்க்க ஸ்ப்ரிட்ஸில் பாதிகூட இருக்காது, ஆனால் உள்ளே 24 மில்லி ஆல்கஹால், அதாவது நம்மூர் லார்ஜ் ஒன்று. சோடாவும் இல்லை, தண்ணீரும் இல்லை, ஐஸ் உருகினால் உண்டு. ஸ்பாலியாத்தோ அதே நெக்ரோனிதான், ஜின் இருக்கும் இடத்தில் ப்ரோசெக்கோ. சம அளவில் ஊற்றினால் கணக்கு ஸ்ப்ரிட்ஸுக்குச் சற்றுக் கீழே வந்துவிடும். பெல்லினி எல்லாவற்றையும்விட சாது. 100 மில்லி ப்ரோசெக்கோ, 50 மில்லி வெள்ளைப் பீச் பழக்கூழ், அவ்வளவுதான்.

சரி, வெனிஸிலிருந்து தொடங்குவோம்.

ஸ்ப்ரிட்ஸ் என்ற சொல்லே ஜெர்மன். 19ஆம் நூற்றாண்டில் இந்தப் பகுதி ஆஸ்திரியர்கள் கையில் இருந்தபோது, உள்ளூர் ஒயின் அவர்களுக்குக் கடுமையாக இருந்ததாம், தண்ணீர் தெளித்துக் குடித்தார்கள் என்பது ஊரில் சொல்லும் கதை. ஆரஞ்சு நிறம் அப்புறம் வந்தது. 1919இல் பக்கத்து ஊரான பாதுவாவில் பார்பியேரி சகோதரர்கள் அபெரோலைக் கொண்டுவந்தார்கள். 2003இல் காம்பாரி குழுமம் அதை வாங்கியது, அதற்குப் பிறகுதான் அந்த ஆரஞ்சு பலூன் கிளாஸ் ஊர் ஊராகப் பரவியது. ஆனால் வெனிஸுக்கே போய்விட்டு அபெரோல் கேட்பது, திண்டுக்கல்லுக்குப் போய் எல்லா ஊரிலும் கிடைக்கும் ஹைதராபாத் பிரியாணி கேட்பது மாதிரி. அங்கே ‘செலக்ட்’ என்று ஒன்று இருக்கிறது, 1920இல் வெனிஸிலேயே பிறந்தது, 17.5 சதவீதம், நிறம் நல்ல சிவப்பு, கசப்பும் கூடுதல். அதில் ஸ்ப்ரிட்ஸ் போட்டு ஒரு பெரிய பச்சை ஆலிவைக் குச்சியில் குத்திக் கொடுப்பார்கள். உப்பு, இனிப்பு, கசப்பு மூன்றும் ஒரே வாயில். என் ஓட்டு அதற்குத்தான்.

எங்கே குடிப்பது என்பதில்தான் காசு போகும், அல்லது மிஞ்சும். இத்தாலியில் பெரும்பாலும் கவுண்டரில் நின்று குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் இன்னொரு விலை. நான் முதல் தடவை போனபோது இது தெரியாமல் சான் மார்க்கோ சதுக்கத்தில் ஒரு மேஜையில் ஜம்மென்று உட்கார்ந்துவிட்டேன், பெயர் வேண்டாம், வயலின் எல்லாம் வாசித்தார்கள், நானும் தலையாட்டினேன். பில் வந்தபோது அந்த வயலினுக்கும் தனியாகக் காசு போட்டிருந்தது. மெனுவில் பொடி எழுத்தில் எழுதித்தான் இருந்தது, படிக்காதது என் தப்பு. மறுநாள் ரியால்தோ சந்தை பக்கம் அல் மெர்க்கா என்கிற பொந்து மாதிரி ஒரு கடை, உள்ளே உட்காரவே இடம் கிடையாது, வெளியே சின்ன சதுக்கத்தில் நின்றுகொண்டுதான் குடிக்க வேண்டும், அங்கே முந்தின நாள் கொடுத்த காசில் மூன்று பேர் குடித்தோம். இந்த மாதிரிக் கடைகளை பாக்கரோ என்கிறார்கள். தொட்டுக்கொள்ள சிக்கேத்தி: ரொட்டித் துண்டின் மேல் கருவாட்டு மீனை ஊறவைத்து வெண்ணெய் மாதிரி அடித்த பக்கலா, அல்லது வெங்காயமும் வினிகருமாக ஊறிய மத்தி. மீனை விரும்பிச் சாப்பிடுகிற நம்மவர்களுக்கு இது தனி சொர்க்கம். தோர்சோதூரோ பகுதியில் கந்தீனே தெல் வீனோ ஜா ஸ்கியாவி என்று நீளப் பெயரில் ஒரு ஒயின் கடை, எதிரே கால்வாய், கால்வாய்க்கு அந்தப் பக்கம் கோண்டோலா பழுது பார்க்கும் பட்டறை. கிளாஸோடு கால்வாய் ஓரம் போய் நிற்கலாம். இதைவிட நல்ல சாயங்காலம் காசு கொடுத்தாலும் கிடைக்காது என்று எழுத வந்தேன், ஆனால் காசு கொடுத்துத்தான் ஆக வேண்டும், கொஞ்சம்.

இதே ஊரில் எதிர்த்துருவம் ஹாரீஸ் பார். ஜுசெப்பே சிப்ரியானி 1931இல் திறந்தார். ஹாரி பிக்கரிங் என்ற பாஸ்டன்காரர் கையில் காசில்லாமல் நின்றபோது ஹோட்டல் பாரில் வேலை பார்த்த சிப்ரியானி 10,000 லிரா கடன் கொடுத்தாராம், அவர் திரும்பி வந்து மேலே 40,000 சேர்த்துக் கொடுத்து பார் திற என்றாராம். அந்தப் பெயர்தான் கடைக்கு. பெல்லினி 1948இல் இங்கே பிறந்தது, ஓவியர் ஜொவான்னி பெல்லினியின் பெயரில். கதை பிரமாதம். பானம்? பீச் பழம் நன்றாக இருக்கும் கோடையில் அருமை, மற்ற மாதங்களில் விலை உயர்ந்த பழச்சாறு. சின்ன கிளாஸ், 20 யூரோவுக்கு மேல், கசப்பு என்ற பேச்சே இல்லை. பாகற்காய் கேள்விக்கு ‘ஐயோ வேண்டாம்’ என்றவர்களுக்கு மட்டும் இதைச் சொல்வேன், அதுவும் ஜூலை, ஆகஸ்டில்.

ஃப்ளோரன்ஸை நான் சீக்கிரம் கடந்துவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். 1919 வாக்கில் கசோனி என்ற காஃபிக் கடையில் கமில்லோ நெக்ரோனி என்ற பிரபு, காம்பாரி, வெர்மூத், சோடா சேர்ந்த வழக்கமான அமெரிக்கானோவில் சோடாவுக்குப் பதில் ஜின் ஊற்று என்றார், பார்டெண்டர் ஃபொஸ்கோ ஸ்கார்செல்லி ஊற்றினார், எலுமிச்சை போய் ஆரஞ்சுத் துண்டு வந்தது. வேறு கதைகளும் உண்டு, ஊர் இதைத்தான் நம்புகிறது. நான்கில் பானமாக எது சிறந்தது என்றால் சந்தேகமில்லாமல் நெக்ரோனிதான், முதல் மடக்கில் முகம் சுளிக்கும், மூன்றாவதில் புரியும். ஆனால் கசோனி இன்று இல்லை. 1733இல் தொடங்கிய ஜில்லி இருக்கிறது, ரெப்புப்ளிக்கா சதுக்கத்தில், வெள்ளைக் கோட்டு சர்வர்களோடு. போய் நின்று ஒன்று குடிக்கலாம். கலகலப்பு வேண்டுமானால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் சாந்தோ ஸ்பிரித்தோ சதுக்கத்துக்கு நடங்கள். அவ்வளவுதான். நெக்ரோனிக்காக ஃப்ளோரன்ஸ் போக வேண்டியதில்லை, அது எந்த ஊரிலும் அதே 30, 30, 30தான்.

மிலான் வேறு கதை. 1972இல் பார் பாஸோவில் மிர்கோ ஸ்தொக்கெத்தோ நெக்ரோனி கலக்கும்போது ஜின் பாட்டில் என்று நினைத்து நுரை ஒயினை ஊற்றிவிட்டார் என்பார்கள். ஸ்பாலியாத்தோ என்றால் தப்பாகிப்போனது என்று அர்த்தம். ஐம்பது வருஷம் மிலான்காரர்களின் சொத்தாக இருந்த இது, 2022இல் ஒரு டிராகன் தொடரின் நடிகர் ‘எனக்குப் பிடித்தது இதுதான்’ என்று பேட்டியில் சொன்னதும் ஒரே வாரத்தில் எல்லா ஊர் மெனுவிலும் ஏறிவிட்டது. கசப்பு குறையவில்லை, ஆனால் நுரை அதை நாக்கிலிருந்து தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. பாகற்காய் சுமாராகப் பிடிக்கும் என்பவர்களுக்கு நேராக இது.

பார் பாஸோ ஊரின் நடுவில் இல்லை, வியா ப்ளீனியோவில் ஒரு சாதாரண குடியிருப்புத் தெருமுனை. உள்ளே பழைய மர அலமாரி, மேஜைக்கு மேஜை பேச்சு. கிளாஸைப் பார்த்தால் பூச்சாடி என்று நினைப்பீர்கள், அத்தனை பெரிது, உள்ளே ஒரே ஒரு பெரிய ஐஸ் பாறை. ஏப்ரலில் மரச்சாமான் கண்காட்சி வாரத்தில் கூட்டம் கதவைத் தாண்டி நடைபாதைக்கு வந்து, நடைபாதையைத் தாண்டி ரோட்டுக்கு வந்துவிடும். உலகத்தின் பாதி டிசைனர்கள் அங்கேதான் நிற்பார்கள். அந்தத் திருவிழாவைப் பார்க்க ஆசையென்றால் அந்த வாரம், நிம்மதியாகக் குடிக்க வேண்டுமென்றால் வேறு எந்த வாரமும்.

மிலானில் இன்னொன்று, தூவோமோ தேவாலயத்துக்கு எதிரே, கேலரி என்கிற கண்ணாடிக் கூரை போட்ட கடைவீதியின் வாசலில், காம்பாரினோ என்ற பார். 1915இல் தாவிதே காம்பாரி திறந்தது. அடித்தளத்திலிருந்து கவுண்டருக்குக் குழாய் போட்டு ஜில்லென்ற சோடாவை நேரே வரவழைத்தார், அந்தக் காலத்தில் அது பெரிய வித்தை. அங்கே காக்டெயில் எதுவும் வேண்டாம், காம்பாரியும் அந்தச் சோடாவும் போதும், கவுண்டரில் நின்றபடி. நாவில்யோ கால்வாய்க்கரை பார்கள் பற்றி எல்லோரும் சொல்வார்கள், ஒரு பானத்துக்கு பஃபே சாப்பாடு சேர்த்துத் தருகிற கடைகள் அங்கே வரிசையாக உண்டு. வயிறு நிறையும், ஆனால் ஆறிப்போன பாஸ்தாவுக்காக நான் மிலான் போகமாட்டேன்.

ஆகவே ஒரே ஒரு சாயங்காலம்தான் கையில் என்றால் பார் பாஸோ. இரண்டு நாள் இருந்தால் இரண்டாவது நாள் வெனிஸ், செலக்ட் ஸ்ப்ரிட்ஸ், நின்றுகொண்டு. ஜூலை மூன்றாவது வார இறுதியில் போனால் ரெதெந்தோரே திருவிழா, சனிக்கிழமை ராத்திரி தண்ணீர் மேல் வாணவேடிக்கை. பாக்கரோக்களில் அன்று கவுண்டரை நெருங்குவதே பாடு, அதனால் வெளிச்சம் இருக்கும்போதே இரண்டு சிக்கேத்தியை வாங்கிக்கொண்டு கரையில் இடம் பிடித்துவிடுங்கள்.