ஹட்டனில் ஓர் ஓவிய வீடு: குடியிருப்பவரின் அனுபவம்

இலங்கை மலையகத்தின் அப்புத்தளையில் வீடு கட்டிவரும் தோழி ஒருவர், உட்சுவர்கள் முழுவதையும் ஓவியங்களால் நிரப்பலாமா என்று கேட்டிருந்தார். சித்திர ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற என் பெரியம்மா தம் கையாலேயே வரைந்து நிறைத்த ஹட்டன் வீட்டில், அவர் மகளோடு மாத்தளைக்குச் சென்ற பின்னர் நாங்கள் குடியிருக்கிறோம். வீட்டின் படங்களைத் தோழி பார்த்திருப்பதால், படங்களில் தெரியாத மேற்குச் சுவரின் தொல்லையையே இங்கு விரிவாக எழுதுகிறேன்.

மலைச்சரிவை வெட்டி எழுப்பிய வீடு இது. மேற்குச் சுவரின் பின்புறம் முழுவதும் மண்மேடு. மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் செப்டெம்பர் வரை அந்த மண் காய்வதில்லை. அதன் ஈரம் சுவரினூடாக ஊறி உட்பக்கம் வருகிறது. மற்றச் சுவர்களில் சுண்ணாம்போடு வண்ணத்தூள் கலந்து வரைந்திருப்பதால் ஈரம் தடையின்றி வெளியேறிவிடுகிறது. நிறம் சற்று மங்குவதோடு சரி. மேற்குச் சுவரிலோ பெரியம்மா, ரதி மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்தை வரைந்தார். கூத்து ஒப்பனையின் மினுமினுப்பு வேண்டும் என்று அதற்கு மட்டும் எனாமல் பூசினார். எனாமல் ஈரத்தை அடைத்து வைக்கிறது. நீரில் கரைந்து வந்த உப்பு அதன் அடியில் படிகமாகத் திரண்டு, வண்ணத்தை அப்பளம் போல் உப்பச் செய்கிறது. விரல் பட்டால் உடைந்து வெண்பொடி கொட்டும். ரதியின் கையிலுள்ள பச்சைக் கிளியின் அலகும் ஒரு கண்ணும் அப்படித்தான் உதிர்ந்தன. மழைக்காலந்தோறும் அந்தப் பொடியைக் கூட்டி அள்ளும்போது எனக்கு ஏற்படும் ஆத்திரம் சொல்லி மாளாது.

உட்புறமாக நீர்த்தடைப் பூச்சு அடித்தால் போதும் என்று ஒருவர் பணம் வாங்கிச் சென்றார். ஈரம் பக்கத்துச் சுவருக்குத் திரும்பியதுதான் மிச்சம். அண்மையில் வந்த மேசன்தான் சரியான இடத்தில் கைவைத்தார். தேயிலை மலையில் வெட்டுவதைப் போலச் சுவரின் பின்னால் ஆழமாகக் கான் (வடிகால்) வெட்டி, கல் நிரப்பி, தண்ணீரைச் சரிவுக்குத் திருப்பிவிட்டார். இம்முறை பெய்த மழையில் புதிதாக எதுவும் உப்பவில்லை.

இத்தனை குறை சொன்ன பிறகும் ஒன்றைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. பனிமூட்டம் சன்னலை மூடி, பகலிலேயே விளக்குப் போட வேண்டிய மாதங்களில், இந்த வீட்டினுள் மட்டும் மனம் சோர்வதில்லை. கண்டிக்கு அருகிலுள்ள தெகல்தொருவை விகாரையின் 18ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்களில், உருவங்களுக்கு இடையே எஞ்சும் சிவப்பு வெளியைப் பூக்கள் நிரப்பியிருக்கும். அந்த வழக்கத்தைப் பெரியம்மா கதவு நிலை வரைக்கும் கொண்டுவந்துவிட்டார். பழைய தேயிலைப் பெட்டிப் பலகையில் செய்த அலுமாரிக் கதவுகளில், மயிலின் தோகைக்கு அடியில் பெட்டியின் கறுப்பு அச்செழுத்துகள் இன்னும் தெரிகின்றன. அவற்றை அழிக்காமல் தோகையின் கண்களாக்கியிருக்கிறார். வீட்டில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். அடுப்படிச் சுவரில் அவர் பதித்த உடைந்த கோப்பைத் துண்டுகளோ, எத்தனை புகை படிந்தாலும் ஈரத்துணியால் ஒரு முறை துடைத்தால் பளிச்சென்று ஆகிவிடும்.

கண்டியில் பிறந்த கட்டடக் கலைஞர் மினற் டி சில்வா (1918–1998), தாம் அமைத்த வீடுகளில் தும்பறைப் பகுதியின் பாய் நெசவையும் சுட்டமண் ஓடுகளையும் உள்ளூர்க் கைவினைஞர்களைக் கொண்டே செய்வித்து இணைத்தார். நெய்த பாய் பழுதானால் கழற்றி மாற்றலாம். சுவரிலேயே வரைந்ததை எங்கே கழற்றுவது? ஓர் ஆணி அடிப்பதற்குக்கூட எந்த உருவத்தின் மேல் அடிப்பது என்று தயங்க வேண்டியிருக்கிறது.

ஆகவே தோழிக்கு என் பதில், வேண்டாம் என்பதே. அப்புத்தளையில் பெருமழை ஆண்டின் கடைசி மாதங்களில் வரும். மாதம் மாறினாலும் சரிவில் வெட்டிய சுவருக்கு ஊறும் ஈரம் மாறாது. முதலில் கான் வெட்டுங்கள், சுவருக்குச் சுண்ணாம்பு மட்டும் அடியுங்கள், ஓவியத்தைப் பலகையில் வரைந்து மாட்டுங்கள். எங்கள் வீட்டுக்கு வெள்ளையடிக்க மட்டும் நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன். கிளிக்கு வேண்டிய பச்சை ஒக்சைட் தூள் எது என்று பெரியம்மாவிடம் கேட்டிருக்கிறேன். சுவர் நன்றாகக் காய்ந்ததும் எனாமலைச் சுரண்டிவிட்டு அதைச் சுண்ணாம்பில் கலந்து பூசப்போகிறேன்.