பாம்படத்துக்கு விலை கேட்கப் போனோம், உருக்கிக் கையில் கொடுத்துவிட்டார்கள் – பழைய நகை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்

நான்கு நாளாகச் சரியாகத் தூக்கம் இல்லை. 96,075 ரூபாய் போனது ஒரு பக்கம். எங்கள் ஆச்சி காதில் போட்டிருந்த பாம்படம் இனி இந்த உலகத்திலேயே இல்லை என்பது இன்னொரு பக்கம். வீட்டில் பழைய நகையை வைத்துக்கொண்டு "இது எவ்வளவு தேறும்" என்று யோசிப்பவர்கள், எந்தக் கடைப் படியையும் மிதிக்கும் முன் இதைப் படித்துவிட்டுப் போங்கள். என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

எங்களுக்குத் திருநெல்வேலிப் பக்கம். ஆச்சி காலத்துப் பெண்கள் சின்ன வயதிலேயே காது குத்தி, குணுக்கு என்ற கனமான வளையத்தை மாட்டி, காதைத் தோள் வரை வளர்த்துப் பாம்படம் போட்டார்கள். அப்புறம் வந்தவர்கள் அது பட்டிக்காடு என்று வளர்ந்த காதை அறுத்துத் தைத்துக் கம்மலுக்கு மாறினார்கள். கழற்றிய பாம்படமெல்லாம் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஒன்றாக உருகிப் போனது. எங்கள் ஆச்சி மட்டும் கடைசி வரை கழற்றவில்லை. அம்மியில் அரைக்கும்போது இரண்டும் கழுத்தில் இடித்து டக் டக்கென்று சத்தம் வரும். இடது காது உருண்டையில் ஒரு நசுங்கல் உண்டு. அப்பா பல் முளைக்கிற வயதில் மடியில் கிடந்து கடித்தது என்று சொல்வாள்.

அப்பா போன வருடம் தவறிவிட்டார். அம்மா, "நான் இருக்கும்போதே மூணு பேரும் பிரிச்சுக்கோங்க" என்றாள். ஒரு ஜோடிப் பாம்படத்தை மூன்று பேர் எப்படிப் பிரிப்பது? சரி, முதலில் என்ன மதிப்பு என்று பார்ப்போம், யாராவது ஒருவர் வைத்துக்கொண்டு மற்ற இருவருக்கும் பணம் கொடுத்துவிடலாம் என்று பேசினோம். விற்கிற எண்ணமே இல்லை. இதை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன்.

பாம்படம் பார்க்கத்தான் கனம். மெல்லிய தங்கத் தகட்டில் கட்டையும் உருண்டையுமாகச் செய்து, உள்ளே அரக்கு அடைத்திருப்பார்கள். தராசில் 58 கிராம் காட்டினால் அதில் தங்கம் எவ்வளவு, அரக்கு எவ்வளவு என்று வெளியிலிருந்து யாராலும் துல்லியமாகச் சொல்ல முடியாது. எங்களை ஏமாற்ற அந்த ஒரு இடம் போதுமாக இருந்தது.

டிவியில் விளம்பரம் வருகிற, பழைய தங்கத்துக்கு உடனடிப் பணம் தருகிற கடைகளில் ஒன்று. பெயர் போடவில்லை. வழக்குப் போடுவதாக இருக்கிறோம், அதனால் இப்போதைக்கு வேண்டாம் என்று தம்பி சொல்கிறான். நானும் தங்கையும்தான் போனோம். ஏசி அறை, சாமி படம், ஊதுபத்தி. முப்பது முப்பத்தைந்து வயதுப் பையன். பாம்படத்தைக் கையில் வாங்கியதும் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "அக்கா, எங்க ஆச்சியும் இதுதான் போட்டிருந்தா. இதையெல்லாம் இப்போ யாருக்கா வச்சிருக்கா?" என்றான். அந்த நசுங்கலைத் தடவிப் பார்த்து, "இது என்னக்கா?" என்று கேட்டான். நான் அப்பா கடித்த கதையைச் சொன்னேன். சொல்லும்போது எனக்குக் கண் கலங்கியது. தண்ணீர் எடுத்துக் கொடுத்தான். அந்த நிமிடத்தில் அவனைத் தம்பி மாதிரி நினைத்தேன். இப்போது அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

எங்கள் கண் முன்னால்தான் எடை போட்டான். 58 கிராமும் சில்லறையும். "அரக்க எடுத்துப் பார்த்தாத்தான்க்கா நிகர எடை தெரியும். ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க, டெஸ்டிங் ஃபார்ம்" என்றான். போட்டேன். படிக்கவில்லை. ஆங்கிலத்தில் பொடிப்பொடியாக ஒரு பக்கம் இருந்தது. அரக்கை எடுத்துவிட்டுத் திருப்பித் தருவான் என்றுதான் நினைத்தேன். பாம்படத்தோடு உள் அறைக்குப் போனான். எங்களுக்கு டீ வந்தது. குடித்துக்கொண்டிருக்கும்போதே அரக்கு தீய்கிற வாசனை வந்தது. தங்கை, "என்னக்கா இவ்வளவு நேரம்" என்றாள். நான்தான், "பழைய அரக்கு, மெதுவாத்தான் வரும்" என்று அவளை உட்கார வைத்தேன்.

இருபது நிமிடம் கழித்து ஒரு சின்னத் தட்டில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கட்டி வந்தது. "29.5 கிராம்க்கா. 18 கேரட் காட்டுது." தங்கை சத்தம் போட்டே விட்டாள். அவன் குரலை உயர்த்தவே இல்லை. "உருக்காம எப்படிக்கா டெஸ்ட் பண்றது? ஃபார்ம்லயே இருக்கு. கட்டியா எடுத்துட்டுப் போறதுன்னாலும் போங்க, வெளில பில் இல்லாத கட்டிய யாரும் வாங்க மாட்டான்." எங்களுக்கு அப்போது மூளையே வேலை செய்யவில்லை. கிராமுக்கு 9,150 போட்டு, 3 சதவீதம் கழிவு என்று பிடித்து, 2,61,827 ரூபாய் அக்கவுண்டில் ஏற்றினான். வாங்கிக்கொண்டு வந்தோம். ஆட்டோவில் இரண்டு பேரும் பேசவில்லை.

மூன்றாம் நாள், அப்பாவின் மஞ்சள் பையில் வீட்டுவரி ரசீது தேடும்போது இன்னொரு காகிதம் கிடைத்தது. 2018-ல் தங்கை கல்யாணத்துக்கு அப்பா கூட்டுறவு வங்கியில் இதே பாம்படத்தை அடகு வைத்த நகைக்கடன் சீட்டு. "பாம்படம் 1 ஜோடி, அரக்குடன். மொத்த எடை 58.200. நிகர எடை 40.000."

40 கிராம்! வங்கி மதிப்பீட்டாளர் தன் தலைக்கு வம்பு வரக்கூடாது என்று எப்போதும் குறைத்துத்தான் எழுதுவார். குறைத்து எழுதியே 40. கடைக்காரன் கொடுத்தது 29.5. நடுவில் பத்தரை கிராம் எங்கே? அவன் போட்ட விலையிலேயே 96,075 ரூபாய். தரத்தைப் பற்றி நான் சண்டை போடவில்லை. பழைய நகையில் பற்றவைத்த பொடி நிறைய இருக்கும், உருக்கினால் கேரட் இறங்கத்தான் செய்யும். ஆனால் எடை? தங்கம் என்ன கற்பூரமா, காற்றில் போக?

ஃபோன் பண்ணினேன். "மேனேஜர் லீவு." மறுநாள், "மீட்டிங்." நேரில் போனேன். அன்றைக்கு அக்கா என்றவன் இப்போது மேடம் என்கிறான். "பேங்க்ல அரக்குக்குச் சும்மா ஒரு கணக்குல கழிப்பாங்க மேடம், அதெல்லாம் எவிடென்ஸ் ஆகாது." உள் அறை கேமரா பதிவைக் கேட்டேன். "உள்ள கேமரா கிடையாது மேடம்." பில்லை எடுத்துப் பார்த்தால் உருக்கிய பிறகு வந்த 29.500 மட்டும்தான் இருக்கிறது. எங்கள் கண் முன்னால் போட்ட 58 கிராம் எங்கேயும் இல்லை! மூன்றாவது முறை போனபோது வாசலில் செக்யூரிட்டியே நிறுத்திவிட்டார். காவல் நிலையத்தில், "நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்களேம்மா, கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போங்க" என்று அனுப்பிவிட்டார்கள். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன்.

இதையெல்லாம் கேட்ட சித்தப்பா, பழம்பொருள் சேகரிப்பவர்கள் பாம்படத்தைப் பாம்படமாகவே தங்க விலைக்கு மேல் கொடுத்து வாங்குவார்கள் என்கிறார். லண்டன் அருங்காட்சியகங்களில் எல்லாம் வைத்திருக்கிறார்களாம். அதைக் கேட்டதிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடவில்லை.

விவரமாக எழுதுவதாகச் சொன்னேன், இப்போது முடியவில்லை. அவசரமாகச் சில: உருக்க விடாதீர்கள். என்ன காரணம் சொன்னாலும் விடாதீர்கள். நகை உங்கள் கண்ணை விட்டு உள் அறைக்குப் போகக் கூடாது. தரம் மட்டும் தெரிய வேண்டுமென்றால் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் மையத்துக்குப் போங்கள், நான்கு நகை வரை 200 ரூபாய்தான் கட்டணம், யார் வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். முதலில் போட்ட எடையை எழுதி வாங்குங்கள். பழைய அடகுச் சீட்டு இருந்தால் கடைக்குப் போகும் முன்பே தேடி எடுங்கள், என்னை மாதிரி மூன்று நாள் கழித்து அல்ல. நாலு பக்கமும் படம் பிடித்து வையுங்கள். ஆச்சி போட்டிருந்த படம் ஒன்றுதான் எங்களிடம் இருக்கிறது, அதில் வலது காது மட்டும்தான் தெரிகிறது.

வங்கியில் அந்த 2018 பதிவேட்டு நகலுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். நாலு மணிக்கு மூடிவிடுவார்கள், கிளம்புகிறேன்.