மின்நூல் சந்தாவா, சொந்தமாக வாங்குவதா, அச்சுப் புத்தகமா: ட்ரையல் முடிவதற்குள் பேசிவிடுவோம்

எங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு பெரிய தொழில்நுட்ப மின்நூல் தளம் இப்போது ட்ரையலில், அதாவது சந்தா கட்டுவதற்கு முன்னால் கொஞ்ச நாள் பயன்படுத்திப் பார்க்கும் ஏற்பாட்டில், ஓடிக்கொண்டிருக்கிறது. முடிந்ததும் நூலகக் குழு கூடி, வருடச் சந்தா கட்டலாமா வேண்டாமா என்று பேசும். அதற்கு முன்னால் மற்ற வழிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது. எத்தனை ஆயிரம் தலைப்பு இருக்கிறது என்பதை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டால், பாம்பனிலிருந்தும் தொண்டியிலிருந்தும் பஸ் ஏறி வரும் பிள்ளைகளுக்கு அதனால் பெரிய பிரயோஜனம் இருக்காது.

முதலில் சந்தா. இந்த மாதிரித் தளங்களுக்கு முன்னோடி 2001-ல் ஓரெய்லி, பியர்சன் என்ற இரண்டு பதிப்பகங்கள் கூட்டாகத் தொடங்கிய சஃபாரி என்ற மின்நூல் தளம். அப்போது தனிநபர் சந்தாவில் இத்தனை புத்தகம் என்று ஒரு அலமாரி தருவார்கள், எடுத்து வைத்த புத்தகத்தை 30 நாள் கழித்துத்தான் மாற்ற முடியும். 2014-ல் பியர்சன் பங்கையும் ஓரெய்லியே வாங்கிக்கொண்டது. இன்றைக்கு ஒரே லாகினில் பேக்ட், மேனிங் என்று பல பதிப்பகங்களின் நூல்கள், வீடியோக்கள், இன்னும் எழுதி முடிக்காத புத்தகங்களின் அத்தியாயங்கள்கூடக் கிடைக்கின்றன.

கணினித் துறைக்கு இது பெரிய விஷயம். எங்கள் ரேக்கில் இன்னும் பைத்தான் நிரல்மொழியின் பழைய பதிப்பான பைத்தான் 2 புத்தகங்கள் நிற்கின்றன. அந்தப் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. முதல் வருடப் பையன் அதைப் பார்த்து அடைப்புக்குறி இல்லாமல் பிரிண்ட் என்று அடிக்கிறான், இப்போதைய பைத்தானில் முதல் வரியிலேயே எரர் வருகிறது, தப்பு தன்னுடையது என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். இதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கஷ்டப்படுகிறது. இரண்டு மூன்று வருடத்தில் பழசாகிப்போகும் விஷயத்துக்கு அச்சுப் புத்தகம் வாங்கி அடுக்குவதில் அர்த்தமே இல்லை.

ஆனால் சந்தாவில் எதுவும் நமக்குச் சொந்தமில்லை. பணம் கட்டாத வருடம் ஒரு பக்கம்கூட மிஞ்சாது. நடுவில் ஒரு பதிப்பகம் விலகிக்கொண்டால் நாம் பாடத்திட்டத்தில் எழுதி வைத்த புத்தகமும் அதோடு போய்விடும். விலையும் பெரும்பாலும் டாலரில்தான் வருகிறது, பட்ஜெட் போடும்போது இருந்த தொகை பில் வரும்போது இருப்பதில்லை.

அச்சுப் புத்தகத்தை ஒரேயடியாக ஒதுக்கிவிட முடியாது. ஓரெய்லி புத்தகங்களையே மும்பையின் ஷ்ராஃப் நிறுவனம் இந்திய மறுபதிப்பாகக் குறைந்த விலைக்குப் போடுகிறது. கட்டட அமைப்பியல், பாய்ம இயக்கவியல், வெப்பவியல் மாதிரிப் பாடங்களுக்குப் பத்து வருடப் பழைய பதிப்பு இன்றைக்கும் தாராளமாகப் போதும். பாஸ்வேர்ட் வேண்டாம், நெட் பேக் வேண்டாம், வடகிழக்குப் பருவமழையில் கரண்ட் போனாலும் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து படிக்கலாம்.

நம் கரையோரத்தில் இதற்கு ஒரு எதிரி உண்டு, உப்புக்காற்று. கீழ்த்தட்டில் இருக்கும் எந்தப் புத்தகத்தையும் எடுத்துப் பாருங்கள், இரும்பு ரேக்கின் துரு அட்டையின் அடிவிளிம்பில் காவிக் கோடாகப் படிந்திருக்கும். வழவழப்பான தாளில் அச்சான புத்தகமென்றால் ஐப்பசி கார்த்திகையில் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் எழுத்தும் சேர்ந்து உரிந்து வரும். மர ரேக், வாரத்துக்கு ஒருமுறை தூசி தட்டுவது, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைப்பது, இந்தச் செலவையும் அச்சுப் புத்தகக் கணக்கில் சேர்த்தே பேச வேண்டும்.

மூன்றாவது வழி, மின்நூலையே ஒரே தடவை பணம் கட்டிச் சொந்தமாக வாங்கிக்கொள்வது. ஸ்பிரிங்கர் பதிப்பகம் இப்படித் துறைவாரியாக, வருடவாரியாகத் தொகுப்புகள் விற்கிறது. அத்தியாயம் அத்தியாயமாகப் பிடிஎஃப் எடுத்துக்கொள்ளலாம், ஒரே நேரத்தில் எத்தனை பேர் வேண்டுமானாலும் திறக்கலாம். வளாகத்தில் இருக்கும்போதே வைஃபையில் பிடிஎஃப்பை போனில் இறக்கிக்கொண்டு, திருப்பாலைக்குடியிலோ தங்கச்சிமடத்திலோ வீட்டுக்குப் போய் ராத்திரி சிக்னல் இல்லாமலே படிக்கலாம். என்னைக் கேட்டால் நம் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு வேறில்லை. குறை என்னவென்றால் பாடப்புத்தகங்களைவிட ஆய்வு நூல்கள்தான் அதிகம் வருகின்றன, தொகுப்பில் நமக்கு வேண்டாததும் சேர்ந்தே வரும்.

அப்புறம் இலவசம். "அதான் ஒரே நாடு ஒரே சந்தா வந்துவிட்டதே, தனியாக எதற்கு?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்ட அந்தத் திட்டம், மூன்று வருடத்துக்கு 6,000 கோடி ரூபாயில், 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்களை அரசுக் கல்வி நிறுவனங்களுக்குத் தருகிறது. அது ஆய்விதழ்களுக்கானது, பாடப்புத்தகப் பிரச்சினையை அது தீர்க்காது. கரக்பூர் ஐஐடி நடத்தும் தேசிய மின்னூலகத்தில் தேடினால் நிறைய அகப்படும், ஆனால் பலவற்றில் விவரம் மட்டும் இருக்கும், முழு நூலுக்குப் போக வேறெங்கோ அனுமதி வேண்டும். கடல்வளத் துறைக்காரர்களுக்கு மட்டும் இலவசமே பெரிய பலம். 1947-ல் தொடங்கி, பிறகு பல வருடம் நம் மண்டபத்தைத் தலைமையகமாகக் கொண்டிருந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் பழைய அறிக்கைகளில் பெரும்பகுதி அவர்களுடைய இணையக் களஞ்சியத்தில் திறந்தே கிடக்கிறது. மன்னார் வளைகுடாவைப் பற்றிப் படிக்க அதைவிட ஆழமான தொகுப்பை எந்தச் சந்தாவிலும் பார்த்ததில்லை.

சரி, இப்போது ட்ரையலுக்கு வருவோம். அது வளாகத்தின் ஐபி முகவரியை, அதாவது நம் நெட் இணைப்பின் அடையாள எண்ணை, வைத்துத் திறக்கிறது. உச்சிப்புளியிலிருந்து வரும் மாணவி ஒருத்தி, "சார், காலேஜ்ல நல்லா ஓப்பன் ஆகுது, வீட்டுக்குப் போனா உள்ளயே விடமாட்டேங்குது" என்றாள். சாயங்கால பஸ்ஸுக்கு ஓடுகிற பிள்ளைக்குப் பகல் முழுக்க வகுப்பு, படிக்கக் கிடைக்கும் நேரமெல்லாம் வீட்டில்தான். பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் மத்திய அமைப்பான இன்ஃப்ளிப்நெட்டின் இன்ஃபெட் என்ற லாகின் ஏற்பாடு வழியாக வெளியிலிருந்து நுழைய வசதி செய்யலாம். அதைச் செய்யாமல் "பயன்பாடு குறைவு" என்று அறிக்கை எழுதினால் அது அந்தப் பிள்ளைகளுக்குச் செய்கிற அநியாயம்.

இன்னொன்று, எந்தப் புத்தகம் எத்தனை முறை திறக்கப்பட்டது என்று சொல்லும் எண்ணிக்கை அறிக்கை. தளங்கள் கவுன்ட்டர் என்ற பொது விதிப்படி கணக்குத் தருகின்றன. மொத்தத் திறப்புகளைப் பார்க்காதீர்கள், ஒரே புத்தகத்தில் பத்து அத்தியாயம் புரட்டினால் அது பத்தாக ஏறும். தனித் தலைப்புக் கணக்கைக் கேளுங்கள், அதில் ஒருவர் ஒரு அமர்வில் எத்தனை அத்தியாயம் பார்த்தாலும் ஒன்றுதான். டிஆர்-பி2 என்ற அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள். இடமில்லாமல் திரும்பியவர்கள் கணக்கு அதில்தான் இருக்கும். ட்ரையலில் பெரும்பாலும் எல்லோரையும் உள்ளே விடுவார்கள், காசு கட்டியபின் ஒரே நேரத்தில் இத்தனை பேர்தான் என்று கட்டுப்பாடு வந்தால், லேப் நேரத்தில் அறுபது பேர் சேர்ந்து திறக்கும்போது பாதிப் பேர் வெளியே நிற்பார்கள்.

குழுவுக்கு என் கருத்து இதுதான்: கணினித் துறைக்கு மட்டும் சந்தா, அதுவும் ஆள் கட்டுப்பாடு இல்லாமலும் வீட்டிலிருந்து நுழையும் வசதியோடும் தந்தால் மட்டும். சிவில், மெக்கானிக்கல் பாடப்புத்தகங்கள் அச்சிலேயே, ஒவ்வொன்றும் கூடுதல் பிரதிகளாக. மிச்சப் பணத்துக்குச் சொந்தமாகும் மின்நூல் தொகுப்பு. அதற்கு முன்னால் ட்ரையலை நீட்டித் தரச் சொல்லி இன்றைக்கே கடிதம் எழுத வேண்டும். இப்போதைய கெடுவில் பாதி நாள் செமஸ்டர் விடுமுறையிலேயே போய்விட்டது, இன்டர்னல் தேர்வும் ப்ராஜெக்ட் ரிவ்யூவும் நடக்கிற வாரங்களில் பிள்ளைகள் எதைத் திறக்கிறார்கள் என்று யாருமே இன்னும் பார்க்கவில்லை.